உன் ஊரும் என் ஊரும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகம். ஆடிக்காற்று இந்த வருசம் ஆளையே தூக்குகிறது. வாசலில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் புழுதி வந்து மூடிவிடுகிறது. மேற்கே காற்றாலை எல்லாம் ராவும் பகலும் நிற்காமல் சுற்றுகிறது. அத்தானுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று டீக்கடை வரைக்கும் நடக்கிறார், அப்புறம் மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். உன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய். மாற்றாதே. அம்மாவுக்கு அதுதான் காலைத் தின்றது, உனக்கே தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா? "அக்கா, இன்னொரு கால் வருது, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும் முன் நிதானமாகப் படி. நீ அனுப்பிய பத்திர விசயத்துக்கும் கடைசியில் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா போன் பண்ணினாள். பள்ளிக்கூடத்தில் அப்பா பிறந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். நீ சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அழகாகத்தான் எழுதியிருக்கிறாள், தமிழும் பிழையில்லாமல் வருகிறது. கண்மாயில் நீச்சல், நுங்கு வண்டி, தட்டாம்பூச்சி வாலில் நூல் கட்டியது, வைக்கோல் படப்பில் ஏறிக் குதித்தது, ராத்திரி முற்றத்தில் நிலா வெளிச்சத்தில் சாப்பிட்டது. "ஊரே ஒரு குடும்பமாக இருந்தது, யாருக்கும் ஒரு கவலையும் இல்லை" என்று ஒரு வரி. வாசித்து முடித்துவிட்டு, "அத்தை, நீங்களும் நுங்கு வண்டி ஓட்டுனீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எங்கே நுங்கு வண்டி ஓட்டினேன்? உன்னைத்தான் இடுப்பில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு வயசு வரைக்கும் நீ தரையில் கால் வைக்கவில்லை. உன்னைத் தூக்கித் தூக்கி என் இடது பக்கம் சாய்ந்துபோய்விட்டது என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நீ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கும் வாயில் எச்சில் ஊறும். தை மாசம் பால் பிடித்து முற்றாத கம்பங்கதிரை ஒடித்து, சோளத்தட்டைத் தீயில் வாட்டி, சூடு பொறுக்காமல் உள்ளங்கையில் கசக்கி ஊதி, அந்தப் பச்சை மணியைக் கருப்பட்டித் துண்டோடு வாயில் போடுவோமே, அது எந்த ஓட்டலில் கிடைக்கும்? ஊதும்போது உமி பறந்து உன் கண்ணில் விழும், நீ அழுவாய், நான் முந்தானையில்லாத பாவாடையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி உன் கண்ணில் வைப்பேன். பாசிப்பயறு நெத்தைப் பச்சையாக உரித்துத் தின்றது, மஞ்சணத்திப் பழம் தின்று பல்லெல்லாம் கருத்தது, கள்ளிப்பழம் தின்றுவிட்டு ரத்தச் சிவப்பான நாக்கை நீட்டி அப்பத்தாவைப் பயமுறுத்தியது, எதையும் நான் மறக்கவில்லை.

பருத்தி எடுக்கிற காலத்தில் நீ செய்த திருட்டும் ஞாபகம் இருக்கிறதா? அம்மா மடியிலிருந்து ஒரு கை பருத்தியை உருவி டவுசர் பையில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடுவாய். கடைக்காரர் அதை எடை போடக்கூட மாட்டார், கையால் தூக்கிப் பார்த்துவிட்டு நாலு காராச்சேவோ ஒரு கருப்பட்டி மிட்டாயோ தருவார். அந்தக் கை எடையில் அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று அப்போது நமக்குத் தெரியாது. பை முழுக்கப் பருத்தித் தூசியும் சேவு எண்ணெயுமாக நீ வந்து நிற்பாய், அம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மழைக்காலத்துக் கரிசலைப் பற்றிப் பாப்பாவிடம் நீ சொல்லவே இல்லையா? அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்துவிட்டால் காட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு எட்டுக்கும் மண் உள்ளங்காலில் அப்பி, அதன்மேல் அப்பி, நாம் அரையடி உயரம் வளர்ந்துவிடுவோம். வரப்பில் உட்கார்ந்து குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி நடப்போம். அதே மண் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உன் கோலிக்குண்டு எத்தனை அந்த வெடிப்புக்குள் போயிருக்கும்! கையை விட்டால் பாம்பு இருக்கும் என்று பயந்து, என்னைக் கை விடச் சொல்வாய். நானும் விட்டேன் பார், அதைச் சொல்லு.

ஆனால் தம்பி, உன் ஊரும் என் ஊரும் ஒன்றில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்தோம். விடிந்ததும் நீ ஒரு ஊருக்குப் போனாய், நான் ஒரு ஊருக்குப் போனேன்.

கண்மாயில் நீந்தினேன் என்று நீ சொன்ன மாசங்களில்தான் எனக்குத் தண்ணீர்க் கவலை இல்லாமல் இருந்தது. மாசி போய்விட்டால் ஊருணி வற்றும். பங்குனி, சித்திரையில் ஊருணிக்குள் ஊற்றுத் தோண்டுவார்கள். ஒரு ஆள் ஆழத்துக்கு இறங்கி, சிரட்டையால் மோந்து மோந்து ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். பகலில் பெரியவர்கள் கூட்டம், அதனால் என்னை ராத்திரியில் அனுப்புவாள் அம்மா. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஊருணிக் கரையில் சேக்காளிகளோடு படுத்துக் கிடப்பேன். நீ முற்றத்தில் சாப்பிட்ட அதே நிலா வெளிச்சம்தான் எனக்கும் அங்கே. கலங்கலாக வருகிற தண்ணீருக்குப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைப்போம். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருக்கும். நீ எழுந்து வந்து அந்தத் தெளிவை ஒரு செம்பு மோந்து முகம் கழுவுவாய். எனக்கு உயிர் போகும். "சின்னப்பிள்ளை, விடுடி" என்பாள் அம்மா.

கதைக்கு வருகிறேன். பாப்பாவின் கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது. "சனிக்கிழமை சாயந்திரம் அத்தை கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் வாங்கி வருவார், அப்பா பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பார்." அத்தை எதற்குக் கோவில்பட்டிக்குப் போனாள் என்று அவள் எழுதவில்லை. நீ சொல்லியிருக்க மாட்டாய். சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது.

நான் அஞ்சாம் வகுப்பு முடித்தது 1980-ல். வாத்தியார் வீட்டுக்கே வந்து, "இந்தப் பிள்ளை கணக்கில் கெட்டி, நிறுத்திடாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் என் பேரில் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அவ்வளவுதான்.

விடியக்காலம் மூணரை மணிக்கு ஏஜெண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். நீ புரண்டு படுப்பாய். அம்மா தூக்குவாளியில் கம்மங்கஞ்சியும் ரெண்டு வெங்காயமும் வைத்துத் தருவாள். ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவோம், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து. திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். எங்கள் ஊரை வாரத்தில் ஒரு நாள்தான் வெளிச்சத்தில் பார்ப்போம் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

கட்டை அடுக்குவது எப்படி என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மடியில் சட்டம். சட்டத்துக்குள் பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய கட்டைகள். இடது கையால் குச்சியைக் கொத்தாக அள்ளிப் பரத்தி, ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வலது கை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டை நிறைந்ததும் அதன்மேல் அடுத்த கட்டை. சட்டம் நிறைந்ததும் திருகி இறுக்கிக் கொடுத்தால் மெழுகுக்கும் மருந்துக்கும் போகும். ஒரு குச்சி உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது, கணக்கப்பிள்ளை சட்டத்தைத் தள்ளிவிடுவார், அதற்குக் கூலி கிடையாது. குச்சியைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கை தாமதிக்கும். விரலே எண்ண வேண்டும். எனக்கு விரல் எண்ணியது, வாத்தியார் சொன்ன கணக்கு அங்கே உதவியது. மருந்து வாடையும் வஜ்ஜிரப்பசை வாடையும் தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்குக் கூடப் போகாது.

அங்கேயும் சிரித்தோம் தம்பி, அதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாக் கதை சொல்லத் தெரிந்தவளுக்கு ராணி மாதிரி மரியாதை. அவள் கதை சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் சட்டத்தையும் அடுக்கிக் கொடுப்பார்கள். பக்கத்து டீக்கடையில் இலங்கை வானொலி பாடும், கை அதுபாட்டுக்கு ஓடும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நம்ம ஊர்க் காலனிப் பிள்ளை. என் வெங்காயத்தை அவள் கடிப்பாள், அவள் ஊறுகாயை நான் நக்குவேன். சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் ஒரு பாதையில் போவாள், நான் ஒரு பாதையில் வருவேன். அவள் நம்ம ஊருணியில் இறங்கித் தண்ணீர் மோக்கக்கூடாது. கரையில் குடத்தை வைத்துக்கொண்டு, யாராவது ஊற்றுவார்களா என்று நிற்பாள். ஊரே ஒரு குடும்பமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாளே பாப்பா, அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல். இன்றைக்கு அவள் மகன் தூத்துக்குடியில் வக்கீல். அவளும் நானும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்வோம், உன்னைவிட அதிக நேரம்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நீ மூணாம் வகுப்பு. முதல் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு நீ ஓடியதை நான் பார்க்கவில்லை, அம்மா சொல்லிக் கேட்டதுதான். அந்த வருசமும் அடுத்த வருசமும் மழை பொய்த்தது. உளுந்து போட்டது முளைக்கவில்லை, கம்பு கதிர் தள்ளவில்லை. ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது எங்கள் மாதிரிப் பிள்ளைகளின் கூலியிலும், அம்மாக்கள் ராத்திரி ராந்தல் விளக்கில் ஒட்டிய பெட்டியிலும்தான். பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. அம்மாவின் விரல் நுனி எப்போதும் வெடித்திருக்கும். அந்தப் பெட்டிக்கு வெட்டிய நீலத்தாள் கிழிசலில்தான் உனக்குக் கப்பல் செய்து தருவாள். கட்டுரையில் அந்த நீலக் கப்பல் வருகிறது, வாசிக்கும்போது கேட்டேன்.

குழந்தைகளை ஆபத்தான வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது, பிள்ளையை வைத்து வேலை வாங்கிய முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று. சட்டம் வந்தபோது எனக்குப் பதினாறு வயசு, தீர்ப்பு வந்தபோது என் மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டோம். எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் இப்போது அதே விடியக்காலத்தில் நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சில நாள் சும்மா போய் அவர்களோடு நின்றுவிட்டு வருவேன். அத்தான் இதைக் கிறுக்கு என்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அக்கா குறை சொல்கிறாள் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளாதே. நீ படித்ததில் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. நீ பத்தாவதில் பாஸான அன்றைக்கு நான்தான் ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். நானும் விட்டுவிடவில்லையே. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது தெருவிளக்குக்குக் கீழே பெண்களை உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தது யார்? என் சின்ன மாமியார் முதல்முதலாகத் தன் பேரைத் தானே எழுதிவிட்டு, எழுத்தைத் தொட்டால் அழிந்துவிடுமோ என்று சிலேட்டை மார்போடு சேர்க்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கி.ரா. எழுதியதெல்லாம் நான் படித்தது அதற்கப்புறம்தான். பக்கத்து இடைசெவல்காரர் நம்ம பேச்சையே புத்தகத்தில் எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

எனக்குக் கவலை பாப்பாவைப் பற்றித்தான். அவளுக்கு நீ பாதி ஊரைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் ஆம்பளைப் பிள்ளையின் பாதி. அவள் பெண். அவள் இந்த ஊரில் பிறந்திருந்தால் எந்தப் பாதியில் இருந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? பதின்மூணு வயசுப் பிள்ளைக்குப் பாரம் ஏற்றாதே அக்கா என்பாய். பதின்மூணு வயசில் நாங்கள் சுமந்ததைக் கேட்பது ஒரு பாரமா? அவள் தாங்குவாள். நீ சொல்ல முடியாவிட்டால் போனை என்னிடம் கொடு, சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன்.

இனி பத்திரம்.

தெற்குக் காட்டு நிலத்தைச் சோலார் கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள், நல்ல விலை, நான் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு போட்டோ அனுப்பியிருக்கிறாய். உனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, ஊரில் எல்லா அக்காமார்களும் அப்படிப் போட்டுக் கொடுத்தவர்கள்தானே. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எனக்கும் உரிமை உண்டு என்று காலனிக்காரி மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் சட்டத்தைச் சொல்லி உன்னிடம் பேச எனக்கு விருப்பமில்லை. வேறொன்று சொல்கிறேன்.

அந்த நிலம் ஒத்தியில் போயிருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. மழை பொய்த்த வருசத்தில் அப்பா ஒத்தி வைத்தார். திருப்பியது என் கூலியும் அம்மாவின் பெட்டிக்கூலியும் சேர்ந்து. அம்மா அதைத் தகர டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள், அப்பாவுக்கே தெரியாமல். கடைசித் தவணை கொடுத்துப் பத்திரத்தை வாங்கி வந்த அன்று, அம்மா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மேற்கு வரப்பிலிருந்து கிழக்கு வரப்பு வரைக்கும் நடக்க வைத்தாள். நடந்து முடித்ததும் "பார்த்துக்கோ" என்று சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. சாகும்வரைக்கும் அம்மாவும் சொல்லவில்லை.

அதனால் தம்பி, என் பாதியை நான் விற்கவில்லை. உன் பாதியை நீ விற்பதானால் வில், எனக்கு வருத்தமில்லை, பாப்பா படிப்புக்குப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? எது உன் பாதி என்று அளந்து கல் ஊன்றிக்கொள்வோம். சர்வேயரிடம் நானே சொல்லி வைக்கிறேன். இப்போது எல்லோரும் மக்காச்சோளம் போட்டுப் படைப்புழுவுக்கு மருந்து அடித்தே ஓய்ந்துபோகிறார்கள். என் பக்கத்தில் கம்பும் பாசியும்தான் போடப் போகிறேன். அத்தான் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

புரட்டாசியில் விதைப்பு. காலாண்டு லீவில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோவில்பட்டி, ஸ்டேசனுக்கு என் மகன் பைக்கில் வந்துவிடுவான். பாப்பாவுக்குப் பழைய பாவாடை சட்டை ரெண்டு எடுத்துவா, ஜீன்ஸோடு கரிசலில் இறங்கினால் துவைத்து மாளாது. உன் சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துவா, இங்கே வந்து உளுந்தங்களி கேட்பதற்கு முன் அதை நான் பார்க்கவேண்டும்.

பத்திரத்தை வக்கீலிடம் மாற்றி எழுதச் சொல்லி வை. கையெழுத்தை நேரில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா